பன்னிரண்டில் பதினேழு

அத்தியாயம் 9

முதலில் ஓட்டைவாயின் போன் உடைந்தது. அடுத்து மேடத்தின் போன். மூன்றாவதாக உடையப்போவது ஒரு மனிதனின் விரல் என்று தெரிந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டைவாய்க்குப் பேச்சு நின்றுபோனது.

பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு கனத்த மேசை. மேசை ஓரத்தில் வைஸ். இரும்பை அசையவிடாமல் கடித்துப் பிடிக்கும் இரண்டு தாடைகள். மற்ற நாளில் அதில் இரும்பு இருக்கும். இன்று ஒரு வலது கை இருந்தது. அந்தக் கையின் சுண்டுவிரல் இனி விரல் என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலையில் இருந்தது.

கைக்குச் சொந்தக்காரன் மேசைக் காலோடு சேர்த்துக் கட்டப்பட்டு, முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். பஸ் டிரைவர். நேற்று செத்துப்போன கணக்கு வாத்தியாரின் மைத்துனன்; வாத்தியார் பட்டறைக்காரரின் தம்பி.

"ஷட்டரை இறக்குங்கடா," என்றார் பட்டறைக்காரர்.

வேலையாட்கள் இருவர் இறக்கினார்கள். மத்தியான வெயில் தரையில் ஒரு கோடாகச் சுருங்கி, காணாமல் போனது.

"என் தம்பி பொண்டாட்டி உங்களை அனுப்பினாளா?"

"ஆமா," என்றார் மேடம். "அவங்க தம்பியை உயிரோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"என் தம்பியை நான் யார்கிட்ட கேக்கறது?"

மேடம் வைஸில் இருந்த கையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளைம்களைத் துரத்தியவர் அவர். எரிந்த கடைகளையும் எரியாத கணக்குப் புத்தகங்களையும் பார்த்துப் பார்த்து, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்டவர். ஓட்டைவாய் அவரிடம் ஆறு வருடமாக இருக்கிறான். அவனுக்கு அந்தப் பாடம் மட்டும் ஏறவே இல்லை.

"அண்ணே," என்றான் தொண்டையைக் கனைத்து, "போன் உடைஞ்சது பரவாயில்ல. ஆனா அதுல என் மாமியார் நம்பர் இருந்தது. இனிமே அவங்க கூப்பிட்டா எடுக்க முடியாது. ரொம்ப நன்றி."

பட்டறைக்காரர் சுத்தியலின் பிடியால் அவன் வயிற்றில் ஒரு இடி இடித்தார். ஓட்டைவாய் மடங்கி உட்கார்ந்தான். நன்றி சொன்னதற்கு இப்படி ஒரு பதில் மரியாதையை அவன் எதிர்பார்க்கவில்லை.

"ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு விரல்," என்றார் பட்டறைக்காரர். "ஒத்துக்கற வரைக்கும். ஒண்ணு ஆச்சு. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு ஓரமா நில்லுங்க."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஆக எட்டு நிமிடம் இருந்தது.

முந்தின நாள் நடந்தது இதுதான். பட்டறைக்கு நேர் மேலே, மாடியில், கணக்கு வாத்தியாரின் பயிற்சி மையம். கால்குலேட்டர் கொண்டுபோகக் கூடாத ஒரு பரீட்சைக்கு அங்கே முப்பது பேர் படித்தார்கள். காலை பத்து மணிக்கு வாத்தியார் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார்: இரண்டின் அடுக்கு ரூட் இரண்டு. கையால் மதிப்பிட வேண்டும். "நானும் என் ரூம்ல போடறேன். பன்னெண்டு மணிக்கு யார் விடைக்குக் கிட்ட வந்தாங்கன்னு பாப்போம்," என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனார். பன்னிரண்டு மணிக்கு மாணவர்கள் கதவைத் திறந்தபோது மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை உள்ளே போயிருந்தது. பக்கத்தில் ஒரு இரும்பு உருளை. காகிதம் பறக்காமல் இருக்க அண்ணன் தன் கையால் கடைந்து கொடுத்தது.

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. தம்பியின் கடைசிச் சத்தத்தை மூடியது தன் மெஷின்தான் என்பது பட்டறைக்காரரை ராத்திரி முழுக்கத் தின்றிருந்தது.

பதினொன்றரைக்கு மைத்துனன் மாடி ஏறியதையும், ஐந்து நிமிடத்தில் சட்டையில் கறையோடு இறங்கி ஓடியதையும் மாணவர்கள் பார்த்திருந்தார்கள்; அது ரத்தம் என்று பன்னிரண்டு மணிக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. போலீஸ் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் முந்திக்கொண்டார்.

"நான் போறப்பவே மாமா செத்துக் கிடந்தாரு," என்றான் மைத்துனன். நூறாவது தடவையாகச் சொல்கிறவனின் குரல். "அக்காவோட சர்ட்டிபிகேட்டைக் கேக்கத்தான் போனேன். அவ வேலைக்குப் போகணும்னதுக்கு, இவரு பீரோல வெச்சுப் பூட்டிக்கிட்டாரு. சண்டை போடத்தான் போனேன், பெரிய மாமா, இல்லேங்கல. தூக்கிப் பார்த்தேன், ரத்தம்... பயந்து ஓடிட்டேன்."

"பொய்," என்றது இன்னொரு குரல்.

லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பயிற்சி மையத்தின் பிசிக்ஸ் வாத்தியார். இடது கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. நேற்று பத்தரைக்கு, வாத்தியாரின் அறையில் பேசிவிட்டு வெளியே வந்து, மாணவர்கள் எல்லோரும் பார்க்க விடைபெற்று, நேராகப் பல் டாக்டரிடம் போய், ஒரு மணி வரை அங்கேயே இருந்து, ஒரு கடவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர். காலையிலிருந்து பட்டறைக்காரருக்குத் துணையாக இருக்கிறார்.

"அண்ணனுக்கு நான்தான் காட்டினேன்," என்றார் பிசிக்ஸ்காரர், பஞ்சு வைத்த வாயால். "வாத்தியாரோட பக்கத்தைப் பாருங்க. ரெண்டாவது படி வரைக்கும் முடிச்சு, விடையும் எழுதிட்டாரு. பசங்க பேப்பரோட ஒத்துப் பாத்தோம். அந்த இடத்துக்கு வரவே எவ்வளவு வேகமா போட்டாலும் பதினொண்ணே கால் ஆகும். அதுவரைக்கும் உயிரோட இருந்திருக்காரு. அதுக்கப்புறம் உள்ள போனது இவன் ஒருத்தன்தான்."

"நல்ல யோசனை," என்றார் மேடம். "கணக்கையே கடிகாரமா வெச்சிருக்கீங்க."

அந்தப் பக்கம் மேடத்தின் கைப்பையில்தான் இருந்தது. அரை மணிக்கு முன்னால் மாடியில் இருந்து எடுத்தது. போலீஸ்காரர்கள் ரத்தம் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு, மை பட்டதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அப்போது ஓட்டைவாயின் போன் முழுசாக இருந்தது. விளையாட்டாக அந்தக் கணக்கைப் போனில் தட்டிப் பார்த்து, "மேடம், வாத்தியார் மனுஷனே இல்ல. போன்ல வர்ற நம்பர் அப்படியே எழுதியிருக்காரு. 2.66514. இவரைப் படிக்க வெச்சதுக்குப் பதிலா சார்ஜ் போட்டிருக்கலாம்," என்றான். மேடம் சிரிக்கவில்லை. பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். ஏன் என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை.

"எனக்கு ஒரு சாக்பீஸ் வேணும்," என்றார் மேடம் இப்போது.

"எதுக்கு?"

"உங்க தம்பி எத்தனை மணிக்குச் செத்தாருன்னு காட்டறேன்."

பட்டறைக்காரர் இரும்புத் தகட்டில் அடையாளம் போடும் சாக்பீஸை எறிந்தார். மேடம் தரையில் கிடந்த பெரிய தகட்டின் முன்னால் குந்தினார்.

"ரூட் ரெண்டுங்கறது 1.41421ன்னு போய்க்கிட்டே இருக்கும், முடியாது. முடியாத ஒண்ணை அடுக்கா வெச்சு ரெண்டை எப்படிப் பெருக்கறது? முடியாது. அதனால உங்க தம்பி நேரா அடிக்கல. ரெண்டு பக்கமும் இருந்து நெருக்கினாரு. முதல்ல ரூட் ரெண்டைவிடக் கொஞ்சம் சின்ன பின்னம், அஞ்சில் ஏழு. அதுக்கு 2.639 வந்துது. பக்கத்துல 'கீழே'ன்னு எழுதியிருக்காரு. அடுத்து கொஞ்சம் பெரிய பின்னம், பன்னிரண்டில் பதினேழு..."

கடிகார முள் இரண்டைத் தொட்டது.

பட்டறைக்காரர் திரும்பினார். வைஸின் கைப்பிடியைப் பிடித்து முக்கால் சுற்று சுற்றினார். மோதிர விரல்.

எலும்பு நொறுங்கும் சத்தம் ஓட்டைவாய் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த அலறல் சின்னதாக இல்லை. ஓட்டைவாய் பாய்ந்தான், வேலையாட்கள் இருவரும் அவன் தலைமுடியைப் பிடித்துத் தரையோடு அழுத்தினார்கள். வாயில் எண்ணெயும் இரும்புத் தூளும் புகுந்தன. அங்கிருந்து அவனுக்குத் தெரிந்தது மேடத்தின் கை மட்டும்தான். சாக்பீஸ் பிடித்த அந்தக் கை எழுதுவதை நிறுத்தவில்லை.

"நீங்க துளை போடறீங்க," என்றார் மேடம், அலறலுக்கு மேலே குரலை உயர்த்தி. "அளவு சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?"

பட்டறைக்காரர் பதில் சொல்ல நினைக்கவில்லை. தொழில் கேள்வி என்பதால் வாய் தானாகச் சொன்னது. "கேஜ் விட்டுப் பாப்போம். ரெண்டு முனை இருக்கும். ஒரு முனை உள்ள போகணும். இன்னொரு முனை போகவே கூடாது."

"போகக்கூடாத முனை உள்ள போச்சுன்னா?"

"துளை பெருசு. இல்ல, கேஜ் போலி."

"பன்னிரண்டில் பதினேழு போகக்கூடாத முனை. அது ரூட் ரெண்டைவிடப் பெருசு. பெரிய அடுக்குக்குப் பெரிய விடைதான் வரும். உண்மையான விடைக்கு மேலதான் நிக்கணும், உள்ள போகக்கூடாது. இந்தப் பக்கத்துல அது போயிருக்கு." மேடம் பக்கத்தை எடுத்து விரித்தார். "2.66514. அப்படியே உண்மையான விடை. இது மூணில் எட்டைவிடச் சின்னது. மூணில் எட்டுன்னா 2.666. பன்னிரண்டில் பதினேழுக்கு வர்ற விடை அதைவிடச் சின்னதா இருக்கவே முடியாதுன்னு நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா ஆச்சா?" என்றார் பிசிக்ஸ்காரர்.

"ஆகாது. அதான் இவரைப் போடச் சொல்றேன்." மேடம் சாக்பீஸைப் பட்டறைக்காரரிடம் நீட்டினார். "பன்னிரண்டில் பதினேழுக்கு வர்ற விடையைப் பன்னிரண்டு தடவை பெருக்கினா, பதினேழு ரெண்டைப் பெருக்கினது வரணும். அந்த இடத்துல மூணில் எட்டை வெச்சுப் பாருங்க. எட்டுன்னா மூணு ரெண்டைப் பெருக்கினது. பன்னிரண்டு தடவைன்னா மேல முப்பத்தாறு ரெண்டு, கீழ பன்னிரண்டு மூணு. வேண்டிய பதினேழு ரெண்டைக் கழிச்சிட்டா மிச்சம் என்ன?"

பட்டறைக்காரரின் உதடு அசைந்தது. "மேல பத்தொம்பது ரெண்டு. கீழ பன்னெண்டு மூணு."

"ரெண்டும் மோதட்டும். ரெண்டு ஜெயிச்சா நான் பொய். மூணு ஜெயிச்சா மூணில் எட்டே எட்டல. அதைவிடச் சின்ன நம்பர் எப்படி எட்டும்? போன் வேணாம், யாரையும் நம்ப வேணாம். உங்க கையால போடுங்க."

ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினாலும் வேலையைத் தூக்கி எறிகிற மனிதர் அவர். சுத்தியலை வைத்தார். தகட்டின் முன்னால் மண்டியிட்டார். விரலில் இருந்த ரத்தம் சாக்பீஸை இளஞ்சிவப்பாக்கியது. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இடது பக்கம் இறங்கினார். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொன்னார். பட்டறையில் அந்தக் குரலும் மைத்துனனின் மூச்சும் தவிர வேறு சத்தம் இல்லை. பத்தொன்பதாவது வரியில் ஐந்து லட்சத்து இருபத்து நாலாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு.

வலது பக்கம். மூன்று, ஒன்பது, இருபத்தேழு. பத்தாவது வரியில் ஒரு தப்பு செய்து, கையால் அழித்து, மறுபடி போட்டார். பன்னிரண்டாவது வரியில் ஐந்து லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூற்று நாற்பத்தொன்று.

இரண்டு வரிகளின் அடியிலும் ஒரு கோடு இழுத்தார்.

"மூணு ஜெயிச்சுது," என்றார்.

"மனுஷன்தானே!" பிசிக்ஸ்காரர் எழுந்துவிட்டார். "எங்கேயாவது கை தவறியிருக்கும்!"

"தவறின கை எங்கேயாவது போய் விழும் சார்," என்றார் மேடம். "அஞ்சு இலக்கம் வரைக்கும் உண்மையான விடை மேலேயே போய் விழாது. தப்பா இருக்க வேண்டிய இடத்துல சரியா இருக்கு. அதுதான் தப்பு. இதை எழுதினவன் பன்னிரண்டில் பதினேழைப் போடவே இல்ல. கேள்வியை அப்படியே போன்ல தட்டி, வந்ததை எழுதியிருக்கான். முதல் படிக்குப் பக்கத்துல 'கீழே'ன்னு இருக்கு. ரெண்டாவது படிக்குப் பக்கத்துல 'மேலே'ன்னு இல்ல. ஏன்னா அது மேலே இல்லேன்னு அவனுக்குத் தெரிஞ்சுது, ஆனா மேலேதான் இருக்கணும்னு தெரியல."

"அப்போ..." பட்டறைக்காரர் மெதுவாகச் சொன்னார். "தம்பி முதல் படியோட..."

"முதல் படியைப் பசங்க முடிச்சப்போ மணி பத்து இருபது. ரெண்டாவது படியில உங்க தம்பி பின்னத்தை மட்டும்தான் எழுதியிருக்காரு. அப்போ யாரோ பின்னால வந்து நின்னாங்க. பதினொண்ணே கால்ங்கற கடிகாரத்தைத் திருப்பி வெச்சதும் அந்த ஆளுதான். பத்தரைக்கு முன்னால அந்த ரூமுக்குள்ள போய்ட்டு, பத்தரைக்கு எல்லாருக்கும் டாட்டா காட்டிட்டுப் போனது யாரு?"

தரையில் கிடந்தபடியே ஓட்டைவாய்க்குப் பேச்சு திரும்பிவிட்டது. "அடப்பாவி. சாட்சிக்கு ஒரு கடவாய்ப்பல்லையே குடுத்திருக்கான்!"

பட்டறைக்காரர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் வைஸிடம் போய்க் கைப்பிடியைப் பின்னால் சுழற்றினார். தாடை விலகியது. மைத்துனனின் கை ஈரத்துணி போலச் சரிந்தது. கயிற்றை அறுத்தார். பிறகுதான் திரும்பினார்.

"எதுக்குடா?"

பிசிக்ஸ்காரர் மேசையிலிருந்து கோடு கீறும் இரும்பு ஊசியைப் பறித்து, மேடத்தின் முடியைப் பிடித்து இழுத்து, முனையைக் கழுத்தில் வைத்தார். தோல் கிழிந்து ஒரு சிவப்பு நூல் சேலைக்குள் இறங்கியது.

"ஷட்டரைத் தூக்கு! தூக்குடா!"

வேலையாட்கள் ஓட்டைவாயை விட்டுவிட்டு ஷட்டருக்கு ஓடினார்கள். ஓட்டைவாய் கைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். 

"சார், சார். ஒரே ஒரு சந்தேகம். நீங்க பிசிக்ஸ்தானே? கணக்கு உங்க பாடம் இல்லையே. தெரியாத பாடத்துல எதுக்கு சார் விடை எழுதினீங்க? நான் மூணு தடவை கணக்குல பெயிலு, நானே வெறும் பேப்பர் குடுத்துட்டு வந்துடுவேன்."

"வாயை மூடு!"

"மூட மாட்டேங்குது சார், அதான் என் பேரே..."

ஊசி காற்றில் வீசியது. ஓட்டைவாயின் கன்னம் காதிலிருந்து தாடை வரை திறந்துகொண்டது. ஆனால் அவனை அடிக்க ஊசி மேடத்தின் கழுத்தைவிட்டு ஒரு முழம் விலகியாக வேண்டியிருந்தது. அந்த ஒரு முழம் போதுமாக இருந்தது. லேத்துக்குக் கீழே குவிந்திருந்த இரும்புச் சீவலை மைத்துனன் இடது கையால் அள்ளி, பிசிக்ஸ்காரரின் முகத்தில் அறைந்தான். சுருள் சுருளான கத்திகள். கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் கத்தினார். மேடம் முழங்கையை அவர் வீங்கிய கன்னத்தில் இறக்கினார்.

அதற்குப் பிறகு பட்டறைக்காரர் வந்துவிட்டார்.

அடித்தார். பல் போன இடத்தில் அடித்தார், விழுந்ததும் தூக்கி அடித்தார். விலக்கப்போன வேலையாள் ஒருவன் மூக்கில் ரத்தத்தோடு சுவரில் சாய்ந்தான். பிசிக்ஸ்காரரின் வலது கையை இழுத்து, இன்னும் ஈரம் காயாத அந்தத் தாடைகளுக்கு நடுவே திணித்து, கைப்பிடியைப் பிடித்தார்.

"எதுக்குன்னு கேட்டேன்!"

"கேள்வித்தாள்... பரீட்சைக் கேள்வித்தாள் எனக்கு முன்னாடியே வரும். சில பசங்களுக்குக் குடுப்பேன். அவர் கண்டுபிடிச்சிட்டாரு. சாயந்தரத்துக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு, இல்லேன்னா நான் சொல்வேன்னாரு. கெஞ்சினேண்ணே! திரும்பிக்கூடப் பாக்கல, கணக்கு போட்டுட்டே இருந்தாரு! கையில அந்த உருளை கிடைச்சிது..."

கைப்பிடி கால் சுற்று சுற்றியது. பிசிக்ஸ்காரர் ஊளையிட்டார்.

"வேணாம்," என்றார் மேடம், கழுத்தைப் பொத்தியபடி. "அவன் ஒத்துக்கிட்டான். எல்லாரும் கேட்டோம்."

பட்டறைக்காரருக்கு அது காதில் விழவே இல்லை. இன்னொரு கால் சுற்று.

"பெரிய மாமா."

மைத்துனன் லேத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நொறுங்கிய கையை மடியில் வைத்து, அடுத்தவர் பொருளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமாவைக் கொன்னது அவன். என் கையை அதுக்குள்ள வெச்சது அவன் இல்ல."

கைப்பிடியின் மேலிருந்த கை நின்றது. அந்தக் கை அங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று ஓட்டைவாய் பிறகு எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொன்னான். உண்மையில் பத்து விநாடிகூட இருக்காது. பிறகு கைப்பிடி பின்னால் திரும்பியது. பட்டறைக்காரர் மைத்துனன் பக்கம் ஒரு அடி வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு... நான் தூக்கிக்கறேன்."

"நீங்க தொடாதீங்க."

ஓட்டைவாய்தான் தூக்கினான், தன் கன்னத்து ரத்தம் அவன் தோளில் சொட்டச் சொட்ட, ஷட்டருக்கு வெளியே, வெயிலுக்கு. டாக்டர்கள் மோதிர விரலைக் கோணலாகக் காப்பாற்றினார்கள். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வாத்தியாரின் மனைவி தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்காக அழுகிறாளா தம்பிக்காக அழுகிறாளா என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் பிசிக்ஸ்காரரைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பட்டறைக்காரர் தானாகவே வந்திருந்தார். சட்டை முழுக்க மூன்று பேரின் ரத்தம். எழுத்தர் பேனாவைத் திறந்து, மேடத்தைப் பார்த்தார்.

"புகார் யார் மேல?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் பட்டறைக்காரர் மேசைமுன் வந்து நின்றார்.

"ரெண்டு இருக்குங்க," என்றார். "என் மேல இருக்கறதை முதல்ல எழுதுங்க."